கையில் 60 இலட்சம், கல்லடியில் ஒரு வளவு: வாடகைக்கு விட வாங்குவதா, கட்டுவதா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். கத்தாரில் ஒன்பது வருடம் உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கையில் 60 இலட்சம் இருக்கிறது. குடியிருப்பது மட்டக்களப்பு கல்லடியில், மனைவியின் சீதன வீடு. பின்வளவு சும்மா கிடக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கிப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவதா, பின்வளவில் ஒரு அனெக்ஸ், அதாவது தனியாகக் குடிவிடக்கூடிய சின்ன வீடு, கட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பின்வளவில் கட்டுங்கள். வாங்குகிற யோசனையை இரண்டு வருடம் தள்ளி வையுங்கள். நான் வங்கியொன்றின் கடன் பிரிவில் 24 வருடம் இருந்தவள். பிறர் வீட்டு உறுதிகளை, அதாவது சொத்துப் பத்திரங்களைப் படிப்பதுதான் என் வேலை. 2003இலிருந்து நானும் வாடகைக்கு விடுகிறேன்: அம்மா தந்த வீடு, அதன் பின்னால் கட்டிய அனெக்ஸ், பிறகு வந்தாறுமூலையில் நாலு அறை. அந்த நாலு அறைதான் எனக்குக் கூடுதலான பாடம் சொல்லித்தந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கட்டுவதற்கு முதல் உங்கள் மாமியோடு கதைக்க வேண்டும். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. நல்ல வழமை. ஆனால் சீதன உறுதி எழுதும்போது தாய் தகப்பன் பெரும்பாலும் தங்கள் பேரில் சீவிய உரித்தை வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். அந்த உரித்து இருக்கும் வரைக்கும் அந்தக் காணியின் பலனை எடுக்கும் உரிமை அவர்களுக்கு. வாடகையும் பலன்தான். அதனால் உறுதியில் மாமியின் சீவிய உரித்து இருந்தால், வாடகை ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்து வைக்க வேண்டும், காசு யாருக்கு என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். மாமியார் தங்கமான மனிசியாக இருக்கலாம். நாளைக்கு மனைவியின் தங்கச்சி, தம்பி எல்லாரும் அந்த வளவைப் பார்க்கும் பார்வை வேறாகலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: காணியில் நிலையாகக் கட்டுவது காணியோடு சேர்ந்துவிடும். நீங்கள் கட்டடத்துக்குப் போடும் காசு சட்டப்படி உங்கள் மனைவியின் வளவில் நிற்கப்போகிறது. அதில் உங்களுக்கு மனநிறைவு இருக்கிறதா என்று இருவரும் உட்கார்ந்து கதையுங்கள். என் மேசைக்கு வந்த கடன் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பேச்சைப் பேசாமல் விட்டதில் தொடங்கியவை.

இனிக் கணக்கு. இங்கே எடுத்திருப்பவை கணக்குக்காக நான் போட்ட தொகைகள். உங்கள் தெருவில் விசாரித்து உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

60 இலட்சத்துக்கு அந்த வீட்டை வாங்குகிறீர்கள் என்று வைப்போம். கைமாற்ற உறுதிக்கு முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். அதுவே 2,39,000 ரூபா. நொத்தாரிசின் கூலி, நில அளவையாளர், குடிவிட முதல் பெயின்ற், கதவு பூட்டு எல்லாம் சேர 63 இலட்சத்தைத் தாண்டும். கையில் இருப்பதே 60 என்றால் தொடக்கமே கடனில். மாத வாடகை 25,000 என்றால் வருடத்துக்கு 3 இலட்சம். அதில் ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடக்கும் என்று கழியுங்கள். ஒன்றரை மாத வாடகையைத் திருத்த வேலைக்கு ஒதுக்குங்கள். உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலை வரியைக் கழியுங்கள். மிஞ்சுவது 2,35,000 அளவில். போட்ட காசுக்கு அது 4 சதவீதமும் இல்லை.

அனெக்ஸுக்கு வருவோம். காணி இருக்கிறது, மதில் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி, உள்ளே குளியலறை என்று 32 இலட்சத்தில் முடிகிறது, வாடகை 20,000 வருகிறது என்று வைப்போம். அதேபோல ஒரு மாத வெறுமையையும் 25,000 ரூபா செலவையும் கழித்தால் 1,95,000 மிஞ்சும். 6 சதவீதம். மிச்சம் 28 இலட்சமும் வங்கியில் வட்டி உழைக்கும், உங்களுக்கு நித்திரையும் வரும்.

காணி விலை ஏறும் என்று சொல்வீர்கள். ஏறும்தான். ஆனால் விற்கும் நாள் வரைக்கும் அதை வைத்துப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவைப் பார்க்க ஏலாது. ஊருக்குத் திரும்பியவருக்கு மாதாமாதம் வருகிற காசுதான் முக்கியம் என்று நினைத்துத்தான் இந்தக் கணக்கை இப்படிப் போட்டேன்.

குடிவருகிறவர் யார் என்பது அடுத்தது. வந்தாறுமூலை அறைகள் பார்க்க இலாபமானவை. அறைக்கு மூன்று பிள்ளைகள், தலைக்கு ஒரு தொகை என்று வாங்கினால் அதே பரப்பில் ஒரு குடும்பம் தருவதை விடக் கூட வரும். ஆனால் வளாகம் மூடினால் அறையும் மூடும். 2020 மார்ச்சில் கொரோனாவோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள், என் நாலு அறையும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் போனது. பரீட்சை விடுமுறை, வருடங்களுக்கிடையில் வரும் இடைவெளி என்று வருடத்தில் பத்து மாத வாடகை கிடைத்தால் அது நல்ல வருடம். அதோடு, கிணற்று மோட்டர் எரிந்தால் இரவு 9 மணிக்கு அழைப்பு வரும். கல்லடியிலிருந்து நீங்கள் ஒவ்வொரு முறையும் ஏறாவூரைத் தாண்டி ஓட வேண்டும். நான் ஓடினேன், அப்போது எனக்கு வயது குறைவு. பிள்ளைகளில் எனக்குக் குறையில்லை. இன்றைக்கும் ஒருத்தி பொங்கலுக்கு அழைப்பெடுப்பாள். தொழிலாகப் பார்த்தால் தூரத்திலிருந்து செய்யக்கூடியது அல்ல என்பதே என் முடிவு.

கல்லடி வேறு. பாலத்தைத் தாண்டினால் போதனா வைத்தியசாலை. இந்தப் பக்கம் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். வெளியூரிலிருந்து இடமாற்றம் பெற்று வரும் தாதியர், ஆசிரியர், வங்கிக்காரர், பயிற்சிக்கு வரும் வைத்தியர்கள் என்று குடும்பமாகவோ இரண்டு பேராகவோ வருவார்கள். வருடாந்த இடமாற்றத்தில் வருகிறவர்கள் தை மாதத்துக்கு முதலே வீடு தேடுவார்கள். அதனால் கட்டட வேலை கார்த்திகைக்குள் முடியும்படி திட்டம் போடுங்கள். மாசியில் முடிந்த வீடு ஆட்களில்லாமல் நாலு மாதம் இருக்கும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை அண்டி ஒலுவிலிலோ, இரண்டு ஆதார வைத்தியசாலைகளை அண்டிக் கல்முனையிலோ விட நினைப்பவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: எனக்குக் குடிவருகிறவரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது, அது எந்த மாதத்தில் நிற்கும்?

அறுகம்பையில் போடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அங்கே அலை விளையாட்டுப் பருவம் சித்திரை, வைகாசியில் தொடங்கி ஐப்பசியோடு முடிகிறது. அது விடுதித் தொழில். விரிப்பு மாற்றுவது, காலைச் சாப்பாடு, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு என்று அது வேறு வேலை. அதை வாடகை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். ‘எங்கட ஆக்களுக்கு மட்டும்’ என்று தரகரிடம் சொல்லி அனுப்புகிற வழக்கம் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. நான் அதை விட்டு நெடுங்காலம். சம்மாந்துறையிலிருந்து வந்த முஸ்லிம் மருத்துவமாது ஐந்து வருடம் என் அனெக்ஸில் இருந்தார். பிறகு வந்தது சிங்கள விரிவுரையாளர் ஒருவரின் குடும்பம். வாடகை ஒரு மாதமும் பிந்தவில்லை. எங்கே வேலை, எத்தனை பேர், முதல் இருந்த வீட்டை ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் முதல் வீட்டுக்காரருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அவர் சொல்வதை விட, சொல்லத் தயங்குவதைக் கவனியுங்கள்.

இனி எழுத்து. இதில்தான் பெரும்பாலானவர்கள் பிழைவிடுகிறார்கள். 50 ரூபா முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்து, ‘ஒரு வருட ஒப்பந்தம்’ என்று ஒரு தாளை எழுதி அலுமாரியில் வைப்பார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு செய்யப்பட்டிருந்தால்தான் குத்தகையாக நிற்கும். அந்த முத்திரைத் தாளை நம்பி ‘வருடம் முடிந்தது, எழும்புங்கள்’ என்று நீதிமன்றத்தில் சொல்ல ஏலாது. முறைப்படி எழுதியவர்களுக்கு 2023இல் வந்த 1ஆம் இலக்கச் சட்டம் குத்தகைக்குக் கொடுத்த வீட்டைச் சுருக்கமான நடைமுறையில் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் மீட்க வழி தந்தது. இந்தத் துறையில் சட்டத்தை மாற்றும் பேச்சு அடிக்கடி வருவதால், எழுதும் நாளில் உங்கள் சட்டத்தரணியிடம் அன்றைய நிலையைக் கேட்டு எழுதுங்கள். நொத்தாரிசுக்கும் முத்திரை வரிக்கும் போகும் காசை யார் கட்டுவது என்று முதலே பேசுங்கள். நான் பாதிப் பாதி என்று வைத்திருக்கிறேன்.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் படித்தேன். 2011இல் தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று எழுத்தில்லாமல் ஒரு குடும்பத்துக்கு வீட்டைக் கொடுத்தேன். ஆறு மாதம் ஒழுங்காகத் தந்தார்கள், பிறகு 14 மாதம் ஒன்றுமில்லை. கூரையைக் கழற்று, மின்சாரத்தை வெட்டு என்று யோசனை சொல்ல நிறையப் பேர் வந்தார்கள். செய்யவில்லை, அது நல்லதாகப் போயிற்று. குடியிருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்றினால், இரண்டு மாதத்துக்குள் முறைப்பாடு போனால், 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் கீழ் நீதிவான் அவர்களைத் திரும்பவும் உள்ளே விடச் சொல்லலாம். கடைசியில் இரண்டு மாத வாடகைக் காசை நானே கொடுத்து, வேறு வீடு பார்த்துக் கொடுத்து அனுப்பினேன். வழக்குச் செலவை விட அது குறைவு.

முறைப்படியான ஒப்பந்தம் குடியிருப்பவருக்கும் தேவை. பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க வதிவிடச் சான்று கேட்பார்கள், அதற்கு நொத்தாரிசு ஒப்பந்தம் உதவும். வாக்காளர் இடாப்பில் பேர் பதியவும் உங்களிடம் வருவார்கள். பேர் பதிந்தால் வீடு போய்விடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். வாக்காளர் இடாப்பு ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பதைத்தான் சொல்கிறது, உறுதியை மாற்றாது. கிராம உத்தியோகத்தரிடம் மறைக்காமல் பதியவிடுங்கள். உங்களுக்கு ஆபத்து வாடகை வாங்காமல், பற்றுச்சீட்டு இல்லாமல், பத்து வருடம் திரும்பியும் பார்க்காமல் விடுவதில்தான் இருக்கிறது. மாதாமாதம் பற்றுச்சீட்டு கொடுங்கள், அல்லது வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

முற்பணம் மூன்று மாதம் வாங்குகிறேன். வாங்கிய அன்றே வேறு கணக்கில் போட்டுவிடுவேன், அது என் காசு அல்ல. சாவி கொடுக்கும் நாளில் இருவருமாக ஒவ்வொரு அறையும் நடந்து, யன்னல் கண்ணாடி, பைப், மின்விசிறி, மீற்றர் வாசிப்பு எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். போகும் நாளில் சண்டைக்கு இடமிருக்காது.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை. மின்சாரத்துக்குத் தனி மீற்றர் எடுங்கள், இதில் சோம்பல் வேண்டாம். வீட்டுப் பாவனைக் கட்டணம் 60 யூனிற்றைத் தாண்டினால் வேறு படிவரிசைக்குப் போகிறது. நீங்கள் 55, அவர்கள் 55 என்று தனித்தனியாக எரித்தால் இருவரும் கீழ்ப்படியில். ஒரே மீற்றரில் 110 ஆனால் முழுதும் மேல்படிக் கணக்கு. மாதாமாதம் அந்த வித்தியாசத்துக்காக முகம் கோணுவது நல்ல குடியிருப்பாளரை இழக்கும் வழி. தண்ணீருக்கும் அப்படித்தான். கடைசி மாதப் பட்டியலைக் கட்டிய சீட்டைப் பார்த்துத்தான் முற்பணத்தைத் திருப்புவது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கட்டாமல் போனால் நிலுவை உங்கள் பேரில் நிற்கும்.

கூரையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வரும்போது தாழ்ந்த சீற் கூரைக்குக் கீழே பகலில் யாரும் இருக்க மாட்டார்கள். என் அனெக்ஸில் முதல் இரண்டு குடும்பமும் ஒரு கச்சான் காலம் முடிய எழும்பிப் போனதன் காரணம் எனக்கு விளங்கவே இரண்டு வருடம் பிடித்தது. ஓடு போட்டு, கீழே சீலிங் அடித்து, மேற்குச் சுவரில் உயரத்தில் காற்றுப் போக வழி வைத்த பிறகு ஒருவரும் வெயிலைக் காரணம் சொல்லிப் போகவில்லை. கடற்கரை அருகில் என்பதால் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். யன்னலுக்கு இரும்புச் சட்டம் வேண்டாம், கொங்கிரீற்றில் கம்பிக்கு மேலே மூடும் சீமெந்துத் தடிப்பைக் குறைக்க மேசனை விடாதீர்கள். மலசலக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வளவு சின்னது என்றால் குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீர்தான். மாநகர சபையின் கட்டட அனுமதி இல்லாமல் அத்திவாரம் வெட்ட வேண்டாம். நாளைக்கு இந்த வளவை வைத்துக் கடன் எடுக்கப் போனால் வங்கி முதலில் கேட்பது அதைத்தான்.

தரைமட்டத்தைப் பற்றி ஒன்று. 2011 தை வெள்ளத்தில் உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்று பக்கத்து வீட்டு வயதானவர்களிடம் கேளுங்கள், அதற்கு மேலே ஒன்றரை அடி வைத்துத் தளம் போடுங்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருப்பவர்களுக்கு இது பெரிய செலவு அல்ல. இரண்டு லோட் மண் கூட வரும்.

வாடகையை உயர்த்துவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2022இல் எல்லாம் இரண்டு மடங்கானபோது எங்கள் ஒழுங்கையில் சிலர் ஒரேயடியாக 10,000 கூட்டினார்கள். நான் 2,000 கூட்டினேன். அப்போது என் அனெக்ஸில் இருந்தவர் ஒரு தாதி. சம்பளம் அப்படியே நிற்க அரிசி விலை பறக்கும் நேரம். அவர் இன்னும் மூன்று வருடம் இருந்தார். கூட்டியவர்களின் வீடுகள் இரண்டு, மூன்று மாதம் பூட்டிக் கிடந்து, பிறகு பெயின்ற் அடித்து, தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுத்து, முன்பிருந்த அதே வாடகைக்குப் போயின. ஒப்பந்தத்திலேயே வருடத்துக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

வரியை இரண்டு வரியில் முடிக்கிறேன். 2025 ஏப்ரல் 1இலிருந்து தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் வரை வருமான வரி விலக்கு. வாடகை வருமானத்தில் திருத்த வேலைக்கென்று 25 சதவீதத்தைக் கழிக்கவும் இடமுண்டு. ஒரு அனெக்ஸ் மட்டும் இருப்பவருக்கு வரி வராமல் போகலாம். வங்கி வட்டியையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு வாங்கப் போனால் அல்லது இப்போதே அந்த வந்தாறுமூலை வீட்டை விட மனமில்லை என்றால், உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்பதுதான் முதல் கேள்வி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ ஏலாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைக் குடியேற்றங்களிலும் இப்படியான காணிகள் நிறைய. விலை மலிவாக இருந்தால் காரணம் அனேகமாக இதுதான். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துப் பதிவைத் தேடிப் பாருங்கள்: ஈடு இருக்கிறதா, சீவிய உரித்து இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்காக இங்கே ஒருவர் அற்றோணித் தத்துவத்தோடு, அதாவது அவருக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரத்தோடு, விற்க வந்தால், தத்துவம் பதிவு செய்யப்பட்டதா, விற்கவும் அதிகாரம் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். ஒரு வீடியோ அழைப்பில் சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்துக் கதைத்துவிட்டுத்தான் முற்பணம்.

இப்போதைக்கு அலுமாரியிலிருந்து அந்தச் சீதன உறுதியை எடுத்து, ‘சீவிய உரித்து’ என்ற சொல் எந்த வரியிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மனைவியோடு மாமியிடம் போங்கள், அதற்குப் பிறகு மேசனைக் கூப்பிடலாம்.